கண்ணில் படாத தண்ணீர்

மஸ்கட்டிலிருந்து சலாலாவுக்கு ஏறத்தாழ 1000 கிலோமீட்டர். நிஸ்வா, ஆதம், ஹைமா, தும்ரைத் என்று ஓமன் நாட்டை வடக்கிலிருந்து தெற்கே வகிர்ந்துகொண்டு போகும் சாலை அது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அந்தச் சாலையில் குடும்பம் குடும்பமாகக் கார்கள் போகும். ஓமானியர்கள், அமீரகத்திலிருந்து எல்லை தாண்டி வருகிறவர்கள், மஸ்கட்டிலும் துபாயிலும் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள். டிக்கியில் தண்ணீர்க் கேனும் புளிசாதமும், பின்சீட்டில் பிள்ளைகள். எல்லாரும் போவது சாரலில் நனைய. குற்றாலத்தில் சீசன் நடக்கும் அதே வாரங்களில் அரேபியாவின் தென்கோடியிலும் ஒரு சீசன் நடக்கிறது. அதை அங்கே கரீஃப் என்பார்கள்.

‘வழியில் பார்க்க ஒன்றும் இல்லை, தூங்கிக்கொண்டே போய்விடுங்கள்’ என்று போய்வந்தவர்கள் சொல்வதுண்டு. அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. தண்ணீர் எங்கெல்லாம் இருக்கிறது, எப்போது கண்ணில் படும், எப்போது படாது என்பதை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் வேறொரு சாலையை நான் அறியேன். ஓட்டுகிறவருக்கு அலுப்புத் தட்டும் அந்த வெட்டவெளியில், பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு நாள் முழுவதும் காட்டிக்கொண்டே வர விஷயம் இருக்கிறது.

கருவி எதுவும் வேண்டாம், காரின் ஏசியே போதும். ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றிலுள்ள நீராவி துளியாகப் படிந்து, காருக்கு அடியில் ஒரு குழாய் வழியாகச் சொட்டும். மஸ்கட்டில் ஜூலை மாதம் வண்டியை ஓடவிட்டபடி ஐந்து நிமிடம் நிறுத்தினால் தரையில் ஒரு சிறு குட்டையே தேங்கிவிடும். ஹைமாவில் பெட்ரோல் போட நிறுத்தும்போது குனிந்து பாருங்கள். தரை காய்ந்து கிடக்கும். அதே கார், அதே ஏசி. மாறியது காற்று.

மஸ்கட் கடலோர ஊர். அங்கே கோடைக் காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் 20 கிராமுக்கு மேல் நீராவி இருப்பது சாதாரணம். அத்தனை ஈரம் இருந்தும் அந்த மாதங்களில் மஸ்கட்டில் மழை பெய்வது அபூர்வம். பாலைவனம் என்றால் காற்றில் ஈரமே இராது என்ற எண்ணம் இந்த முதல் ஊரிலேயே உடைந்துபோகிறது. மழைக்கு ஈரம் மட்டும் போதாது. ஈரமான காற்று மேலே எழ வேண்டும், எழுந்து குளிர வேண்டும், குளிர்ந்தால்தான் நீராவி துளியாகும். மேலே எழவிடாமல் எது தடுக்கிறது என்ற கேள்வியோடு வண்டியை நிஸ்வா பக்கம் திருப்பலாம்.

நிஸ்வா ஹஜர் மலையின் தெற்கு அடிவாரம். இங்கே ஃபலஜ் தாரிஸ் என்ற பழைய வாய்க்கால் ஓடுகிறது. மலையில் எப்போதோ பெய்யும் மழை, பாறை இடுக்குகளிலும் கூழாங்கல் படுகையிலும் இறங்கி நிலத்தடியில் தங்கும். அந்த நீர்மட்டம் வரை சுரங்கம் தோண்டி, சரிவின் போக்கிலேயே வெளியே கொண்டுவந்து பேரீச்சந்தோப்புகளுக்குப் பாய்ச்சுகிறார்கள். பம்பு இல்லை, ஏற்றம் இல்லை, பூமியின் இழுப்பு ஒன்றுதான். நிலத்துக்கு அடியிலேயே வருவதால் வெயிலில் ஆவியாகிப் போகும் நீரும் குறைவு. ஓமனின் ஐந்து ஃபலஜ்கள் 2006-ல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. அவற்றில் இதுவும் ஒன்று. பிள்ளைகளை இறக்கிக் காலை நனைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். இனி சலாலா மலையின் உச்சி வரும்வரை ஓடும் தண்ணீரைப் பார்க்க முடியாது.

ஆதம் தாண்டியதும் நிலம் தட்டையாகிவிடுகிறது. பலரும் எதிர்பார்ப்பது போல மணல்மேடு வராது. ருப் அல் காலி என்னும் பெரும் மணற்பரப்பு மேற்கே ஒதுங்கிவிடுகிறது. இந்தச் சாலையோரம் இருப்பது சுண்ணாம்புக்கல்லும் சரளையும் பரவிய சமவெளி. காலை பத்து மணிக்கு மேல் பின்சீட்டிலிருந்து ஒரு குரல் நிச்சயம் வரும்: “அப்பா, ரோட்டுல தண்ணி!”

அது வானம். கறுத்த தார்ச்சாலை வெயிலில் காய்ந்து, தன்னை ஒட்டியிருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று நெகிழ்ந்தது, அதற்குள் ஒளி மிகச் சிறிதளவு வேகமாகச் செல்லும். மேலே இருக்கும் அடர்ந்த காற்றில் அதைவிடச் சற்று மெதுவாகச் செல்லும். வானத்திலிருந்து சாலையை நோக்கிச் சாய்ந்து வரும் ஒளிக்கற்றையின் கீழ்விளிம்பு வேகமெடுத்து, மேல்விளிம்பு பின்தங்குவதால், கற்றை முழுவதும் மேல்நோக்கி வளைந்து நம் கண்ணை வந்தடைகிறது. தரையில் கிடக்கும் வானத்தைத் தண்ணீரில் தெரியும் பிரதிபலிப்பாக மூளை படித்துக்கொள்கிறது. நெப்போலியனோடு எகிப்துக்குப் போன கணித அறிஞர் காஸ்பார் மோன்ஜ், பாலையில் தாகத்தோடு நடந்த பிரெஞ்சுச் சிப்பாய்களைத் தவிக்கவிட்ட இந்தக் காட்சிக்கு 1798-லேயே ஒளிவிலகலைக் காரணமாகச் சொன்னார்.

இதில் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு கணக்குப் போடலாம். சாலையை ஒட்டிய காற்று 65 டிகிரி, அதற்கு மேலே உள்ள காற்று 45 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான சாய்வில் வரும் ஒளி மட்டுமே இப்படித் திரும்பும். கார் ஓட்டுகிறவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து அவ்வளவு சிறிய கோணத்தில் சாலையைப் பார்க்க வேண்டுமானால், 200 மீட்டருக்கும் அப்பால்தான் பார்க்க முடியும். அதனால்தான் எவ்வளவு வேகமாகப் போனாலும் அந்த ‘நீர்’ 200 மீட்டர் தள்ளியே நிற்கிறது. எதிரே வரும் லாரிக்காரர் இன்னும் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் அவருடைய கானல் நமக்குத் தெரிவதைவிடத் தொலைவில் தொடங்கும். ஒரே சாலையில் ஆளுக்கொரு கானல்.

இல்லாத தண்ணீரைக் காட்டும் இதே சாலை, இருக்கிற தண்ணீரை மறைக்கவும் செய்கிறது. அதில்தான் ஆபத்து. மஸ்கட்டில் பத்தடி நடந்தால் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஹைமாவில் இறங்கி அரைமணி நேரம் நின்றாலும் சட்டை நனையாது. வியர்க்கவில்லை என்று நினைப்போம். வியர்வை வந்த கணமே உலர்ந்துபோகிறது, அவ்வளவுதான். தோலைத் தடவினால் உப்பு நறநறக்கும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துப்போகிறது. வெளிக்காற்று நம் உடம்பைவிடச் சூடாக இருக்கும்போது நம்மைக் காப்பாற்ற இந்த ஒரு வழிதான் இருக்கிறது. அந்த வழிக்குத் தண்ணீர் வேண்டும். தாகம் தாமதமாகவே எச்சரிக்கும். வெயிலில் இறங்கி ஏறும் பிள்ளைகளுக்குத் தாகத்தைக் கேட்டுக் கேட்டுத் தண்ணீர் கொடுக்காமல், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பதே சரி. சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் ஏற்கெனவே பின்தங்கிவிட்டோம் என்று பொருள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பெட்ரோல் பங்கில் ‘ரெண்டே நிமிஷம்’ என்று பிள்ளையைக் காரில் விட்டுவிட்டு இறங்கக் கூடாது. கண்ணாடி வழியே நுழையும் வெயிலில் டாஷ்போர்டும் இருக்கையும் காய்கின்றன, அவை சூடாக்கும் காற்றுக்கு வெளியேற வழியில்லை. ஒரு மணி நேரத்தில் உள்வெப்பம் வெளியே உள்ளதைவிட 20 டிகிரிக்கு மேல் உயர்ந்துவிடும். அந்த உயர்வில் பெரும்பகுதி முதல் அரைமணிக்குள்ளேயே நடந்துவிடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்தாலும் பெரிதாகக் குறைந்துவிடாது. சிறு குழந்தையின் உடம்பு பெரியவர் உடம்பைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடேறும். டயருக்கும் வெப்பம்தான் பகை. காற்று குறைந்த டயர் சுழலும்போது அதிகமாக நசுங்கி நிமிர்கிறது, அந்த நசுங்கலே உள்ளுக்குள் வெப்பமாகிறது. டயர் குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

இனி அந்தக் கேள்விக்கு வரலாம். காற்றை எழவிடாமல் தடுப்பது எது? மஸ்கட்டுக்குச் சற்றுத் தெற்கே கடகரேகை போகிறது. பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதிகளில் சூடான ஈரக்காற்று எழுந்து, மழையைக் கொட்டிவிட்டு, மேலே வடக்கும் தெற்குமாகப் பரவி, 20 முதல் 30 டிகிரி அட்சரேகைகளில் இறங்குகிறது. இறங்கும் காற்று அழுந்துகிறது. அழுந்தினால் சூடேறும், ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 10 டிகிரி. சூடேறிய காற்று இன்னும் நிறைய நீராவியைத் தாங்கும் என்பதால் மேகம் இருந்தாலும் கரைந்துபோகும். சகாரா, அரேபியா, தார் எல்லாம் ஏறக்குறைய இந்தப் பட்டையில்தான் இருக்கின்றன.

அரேபியாவின் கோடைக்கு இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு, அது நமக்கு நெருக்கமானது. இந்தியாவிலும் வங்கக் கடலிலும் பருவமழை பெய்யும்போது, நீராவி துளியாகும் ஒவ்வொரு கணமும் வெப்பம் வெளிப்படுகிறது. அந்தப் பெரும் வெப்பம் வளிமண்டலத்தில் மேற்குநோக்கி அலையாகப் பரவி, பருவமழைக்கு மேற்கேயுள்ள நிலங்களின் மேல் காற்று இறங்குவதை வலுப்படுத்துகிறது என்று மார்க் ராட்வெல், பிரையன் ஹாஸ்கின்ஸ் என்ற இரு வானிலை ஆய்வாளர்கள் 1996-ல் கணித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் மழை பெய்வதே இன்னோரிடத்தின் வறட்சிக்குப் பங்களிக்கிறது. இதைப் படித்தபிறகு பாலைவனத்தைத் தனியான ஒரு நிலமாக என்னால் பார்க்க முடிந்ததில்லை.

இந்த வறட்சி நிலையானதும் இல்லை. நிஸ்வாவுக்கு அருகே அல் ஹம்ரா பக்கத்தில் ஹோத்தி குகை இருக்கிறது. கூரையிலிருந்து நீர் சொட்டினால்தான் குகையில் சுண்ணாம்புத் தூண்கள் வளரும். அங்குள்ள தூண்களின் அடுக்குகளை ஆராய்ந்ததில், சுமார் 10,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்புவரை அவை செழிப்பாக வளர்ந்திருப்பது தெரிந்தது. அப்போது பூமியின் அச்சு அசைந்திருந்த விதத்தால் வடகோளத்தின் கோடை இப்போதைவிடக் கடுமையாக இருந்தது. பருவமழைப் பட்டை இன்னும் வடக்கே ஏறி இந்த நிலத்தையும் நனைத்தது. அதற்கும் முந்தைய ஈரக் காலங்களில் பெய்த மழை தும்ரைத் பக்கத்து நஜ்த் சமவெளிக்கு அடியில் இன்றும் தேங்கியிருக்கிறது. சாலையிலிருந்து விலகிப் போனால் அங்கங்கே தெரியும் பச்சை வட்டமான பண்ணைகள் அந்தப் பழைய நீரை இறைத்துத்தான் விளைகின்றன. இறைக்கும் வேகத்துக்கு இன்றைய மழை அதை நிரப்பப் போவதில்லை.

ஈரமில்லாமை சிலவற்றைக் காப்பாற்றியும் வைத்திருக்கிறது. ஹைமாவைச் சுற்றியுள்ள ஜித்தத் அல் ஹராசீஸ் சமவெளி, உலகில் விண்கற்கள் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களில் ஒன்று. வெளிறிய சுண்ணாம்புத் தரையில் கருங்கல் பளிச்சென்று தெரியும். மழையும் துருவும் அரிக்காததால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அவை அப்படியே கிடக்கும். நிலாவிலிருந்தும் செவ்வாயிலிருந்தும் பெயர்ந்து வந்த கற்கள்கூட ஓமன் பாலையில் கிடைத்திருக்கின்றன.

இதே ஜித்தத் சமவெளியில் ஆண்டின் சில இரவுகளில் கடலிலிருந்து பனிமூட்டம் நகர்ந்து வரும். நடுப்பகல் 45 டிகிரியில் கன மீட்டருக்கு 10 கிராம் நீராவி இருந்தால் ஈரப்பதம் 15 சதவீதம்தான், தொண்டை வறளும். அதே காற்று ஏறத்தாழ 12 டிகிரிக்குக் குளிர்ந்தால் கல்லிலும் புல்லிலும் பனித்துளியாகப் படிந்துவிடும். இரவில் தரை வெகுவேகமாகக் குளிரும் நிலத்தில் கடற்காற்றும் ஈரத்தோடு வந்தால் அந்தப் புள்ளியைத் தொடுவது கடினமில்லை. ஓரிக்ஸ் என்னும் வெள்ளை மான் இரவிலும் விடியலிலும் மேய்ந்து, அந்த ஈரத்தைக் கொண்டே உயிர்வாழக் கூடியது. காட்டில் திரிந்த கடைசி ஓரிக்ஸ்கள் 1972-ல் வேட்டையில் அழிந்தன. உயிர்க்காட்சிச் சாலைகளில் பெருக்கப்பட்ட கூட்டத்தை 1982-ல் இங்கே மீண்டும் விட்டார்கள். இங்கே அமைந்த ஓரிக்ஸ் சரணாலயம் 1994-ல் உலக மரபிடமானது, பின்னர் வேட்டையால் மறுபடி பெருமளவு காலியானது. அதன் பரப்பில் 90 சதவீதத்தை எண்ணெய் தேடுவதற்காக அரசு குறைத்ததும், 2007-ல் யுனெஸ்கோ பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. அப்படி நீக்கப்பட்ட முதல் இடம் இதுதான். இந்தச் சாலையில் என்னை வருத்தும் ஒரே பகுதி இது.

ஒட்டகத்தின் வழி வேறு. தண்ணீர் கிடைக்காத நாட்களில் அதன் உடல் வெப்பம் விடியலில் 34 டிகிரியாக இருந்து மாலைக்குள் 41 வரை ஏறும். ஏறவிட்டுவிட்டு, வியர்வை சிந்தாமல் மிச்சம் பிடிக்கிறது. நமக்கு 41 டிகிரி என்றால் மருத்துவமனை. இருட்டிய பிறகு ஒட்டகங்கள் சாலைக்கு வரும். கார் இடித்தால் நீண்ட கால்கள் மடங்கி, முழு உடலும் கண்ணாடியின் மேல் விழும். அந்தி சாயுமுன் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள் என்று இந்தச் சாலையை அறிந்த எல்லாரும் சொல்வது அதனால்தான்.

தும்ரைத் தாண்டினால் சலாலாவுக்கு இன்னும் 80 கிலோமீட்டர். வாதி தவ்காவில் குந்துருக்க மரங்கள் சரளைக்கு நடுவே நிற்கின்றன. கரீஃபின் சாரல் எட்டாத, ஆனால் அதன் குளுமை ஓரளவு எட்டும் மலைமுதுகில் விளையும் பிசின் அது. வானம் இன்னும் நீலமாகத்தான் இருக்கும், காருக்கு வெளியே இன்னும் 38, 40 டிகிரி. பிறகு கைரூன் ஹைரித்தி அருகே, கடல் மட்டத்துக்கு மேல் 800 மீட்டருக்கும் உயரமான மலைவிளிம்பில், சில நிமிடங்களுக்குள் எல்லாம் மாறும். எதிரே வெள்ளைச் சுவர். அதற்குள் நுழைந்ததும் பச்சை. வெளிவெப்பம் 25 டிகிரி வாக்கில். முன்கண்ணாடி மங்கலாகும், துணியால் உள்ளே துடைத்தால் போகாது. ஏசி குளிரவைத்த கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஈரம் படிந்திருக்கிறது. வைப்பரைப் போட வேண்டும். காருக்கடியில் மறுபடி சொட்டத் தொடங்கும்.

இது எப்படி நடக்கிறது? கோடையில் தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியாவைத் தொட்டுக்கொண்டு அரபிக் கடலைக் கடந்து இந்தியாவுக்கு விரைகிறது. தரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக்குள் ஓடும் இந்தக் காற்றாற்றை 1960-களில் ஜான் ஃபின்ட்லேட்டர் விரிவாக ஆராய்ந்தார். சலாலா இருக்கும் தோஃபார் கரைக்கு இணையாக அது வீசும்போது, பூமியின் சுழற்சியால் கடலின் மேற்பரப்பு நீர் காற்றுக்கு வலப்புறமாக, அதாவது கரையை விட்டு விலகி, தள்ளப்படுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் எழுகிறது. ஆழத்துச் சத்தும் கூடவே வருவதால் இந்தக் கரையில் மத்தி மீன் கொழிக்கிறது. அந்தக் குளிர்நீரின் மேல் தவழும் ஈரக்காற்று தானும் குளிர்ந்து, நீராவி துளியாகும் விளிம்புக்கு வந்துவிடுகிறது. கரையில் நிற்கும் மலை அதைச் சற்றே தூக்கிவிட்டால் போதும், மேகம்.

மேகம் வளர்ந்து பெருமழை ஆகாததற்குக் காரணம், மேலே பாலையிலிருந்து வந்து பரவியிருக்கும் சூடான வறண்ட காற்று. குளிர்ந்த ஈரப்படலத்தின் மேல் அது பானைக்கு மூடிபோல அமர்ந்திருக்கிறது. அதே பருவக்காற்று கடலைக் கடந்து நம் மேற்குத் தொடர்ச்சி மலையை அடையும்போது இந்த மூடி இல்லை. அதனால் அங்கே மேகம் பல கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்து கொட்டித் தீர்க்கிறது. குற்றாலத்துச் சாரலும் சலாலாவின் சாரலும் ஒரே காற்றின் வேலை. இந்தக் காற்றை நம்பிக் கப்பலோட்டியவர்களும் உண்டு. சலாலாவுக்குக் கிழக்கே கோர் ரோரியில், குந்துருக்கம் ஏற்றுமதியான சும்ஹுரம் துறைமுக இடிபாடுகளில், ‘ணந்தை கீரன்’ என்று தமிழ்ப் பிராமியில் பெயர் பொறித்த ஒரு பானை ஓடு கிடைத்திருக்கிறது. ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முந்தையது.

புயல் வந்தால் மட்டும் மூடி தூக்கி எறியப்படும். 2018 மே மாதம் மெகுனு புயல் சலாலாவின் ஓராண்டு மழையைப் போல இரு மடங்குக்கும் மேல் ஒரே நாளில் கொட்டியது. ருப் அல் காலியின் மணல்மேடுகளுக்கிடையே ஏரிகள் தோன்றின. அந்த ஈர மணலில் யாரும் பார்க்காமல் பெருகிய பாலை வெட்டுக்கிளிகளின் வழித்தோன்றல்கள் அடுத்த ஈராண்டுகளில் கிழக்கு ஆப்பிரிக்காவையும் தெற்காசியாவையும் எட்டின.

சலாலாவின் சராசரி மழை ஆண்டுக்கு 100 முதல் 130 மில்லிமீட்டர் அளவுதான். சென்னைக்கு 1400. இந்தக் கொஞ்ச மழையில் மலை முழுவதும் காடு எப்படி? மழைமானியில் பதிவாகாத தண்ணீர் ஒன்று இருக்கிறது. மூட்டத்தின் நுண்துளிகள் தாமாகத் தரையில் விழாமல், காற்றோடு மிதந்தே போய்விடும். வழியில் இலை குறுக்கிட்டால் அதில் ஒட்டும், ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, காம்பு வழியாகவும் தண்டு வழியாகவும் இறங்கும். மலைப்பாதையில் திறந்த வெளியில் நின்றால் முடிமேல் ஈரம் பூசினாற்போல் இருக்கும். பத்தடி தள்ளி மரத்தடிக்குப் போனால் சொட்டுச் சொட்டாக நனைவீர்கள். எம்.ஐ.டி.யைச் சேர்ந்த அன்கே ஹில்டபிராண்டும் எல்ஃபாத்தி எல்தாஹிரும் இந்தக் காட்டில் அளந்து பார்த்து 2006-ல் எழுதியதன் சாரம் இதுதான்: இந்தக் காடு தனக்கு வேண்டிய தண்ணீரில் ஒரு பங்கைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. காட்டின் முதன்மை மரம் உலகில் தோஃபாரிலும் அதை ஒட்டிய ஏமன் மலைகளிலும் மட்டுமே வளர்வது, நம் மலைக்காடுகளின் வெக்காலி மரத்துக்கு நெருங்கிய உறவு.

சிக்கலும் இதிலேயே இருக்கிறது. உயர்ந்த மரம் நிறைய மூட்டத்தைப் பிடிக்கும், முழங்கால் உயரக் கன்றால் அது முடியாது. மரத்தை வெட்டிவிட்டாலோ ஒட்டகமும் மாடும் கன்றுகளைக் கடித்துவிட்டாலோ அந்த இடத்தில் புல் முளைக்கும். புல்லின் தலைக்கு மேலே தண்ணீர் கடந்து போய்விடும். புதுக்கன்று வேர்விட்டு நிமிரும்வரை அதற்கு வேண்டிய நீர் கிடைக்காது. 1970-களுக்குப் பின் தோஃபார் மலைகளில் கால்நடைகள் மிகவும் பெருகிவிட்டன. மந்தைதான் மலைவாழ் குடும்பங்களின் சொத்தும் கௌரவமும் என்பதால் குறைக்கச் சொல்வது எளிதல்ல. வேலியிட்டுக் கன்றுகளைக் காக்கிறார்கள். 1990 வாக்கிலிருந்து செங்குத்தாக வலை கட்டி மூட்டத்திலிருந்து நீர் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள், நிறையக் கிடைக்கிறது. ஆனால் வலையில் நீர் கிடைப்பது கரீஃபின் மூன்று மாதங்களுக்கு மட்டும். மீதி ஒன்பது மாதத்துக்கு அதைச் சேமித்துவைத்தால்தான், மரமாகி மூட்டத்தைத் தானே பிடிக்கும் உயரத்துக்கு ஒரு கன்றைக் கொண்டுவர முடியும்.